இந்தச் சேலையைக் கடை எடுக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கன்சைன்மென்ட் கடையில் துணி விற்கும்வரை உங்களுடையதாகவே இருக்கும். கடை அதை மாட்டி வைத்து, விற்றுக் கொடுத்து, வந்த பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இப்படிப்பட்ட கடைகளை நம் பெண்கள் இப்போது அதிகம் நாடுகிறார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றைத்தான் கேட்கின்றன: எதை எடுக்கிறார்கள், எதைத் திருப்பித் தருகிறார்கள், ஏன்?

கேள்வி: இரண்டு பெரிய பை நிறையத் துணி கொண்டுபோனேன். எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டவை, கிழிசல் ஒன்றும் கிடையாது. கடைக்காரப் பெண் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்தார். நாலே நாலை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்துவிட்டார். மற்றதெல்லாம் குப்பையா?
– வாசகி, செந்தூல்

குப்பை இல்லை, சகோதரி. கணக்குத்தான் ஒத்துவரவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

ஒரு குர்த்தியை 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள், பாதிக்குப் பாதி பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 10 வெள்ளி. அந்தக் குர்த்தியைச் சோதிக்க வேண்டும், அளவெடுக்க வேண்டும், நீராவி இஸ்திரி போட வேண்டும், படம் பிடிக்க வேண்டும், விலைச்சீட்டு கட்டிக் கணக்கில் பதிய வேண்டும். வேகமாகச் செய்தாலும் 25 நிமிடம் போகும். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஆக, கூலிக்கே மூன்றரை வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. மிஞ்சும் ஆறு வெள்ளி சொச்சத்தில் வாடகை, மின்சாரம், ஹேங்கர், வங்கி அட்டைக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். அந்தக் குர்த்தி இரண்டு மாதம் தொங்கினால் அத்தனை நாளும் வேறொன்று தொங்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பல கடைகள் 30 வெள்ளிக்குக் கீழே விற்கக்கூடிய எதையும் எடுப்பதில்லை. இணையத்தில் 25 வெள்ளிக்குப் புதிதாகவே கிடைக்கும் உடையை, விலைச்சீட்டுகூடக் கிழியாமல் நீங்கள் கொண்டுபோனாலும் திருப்பித் தருவது இதனால்தான்.

அந்தப் பத்து நிமிடப் புரட்டலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கழுத்துப் பட்டை. அடுத்து அக்குள், அங்கே மஞ்சள் படிந்து துணி விறைத்திருந்தால் அது வியர்வையும் வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து உண்டான கறை, எளிதில் போகாது. பிறகு உட்காரும் இடம் தேய்ந்து பளபளக்கிறதா, தொடை உரசும் இடத்தில் நூல் உருண்டை எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜிப்பை மேலும் கீழும் ஒரு முறை இழுப்பார்கள். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுவார்கள். பழைய இடத்துக்குத் திரும்பாமல் தொய்ந்து நின்றால் வேண்டாம். கடைசியாக மூக்கை உள்ளே வைத்து மோந்து பார்ப்பார்கள். வாசனைத் திரவியம் தெளித்துக் கொண்டுபோவதுதான் பலர் செய்யும் தவறு. நீராவி பட்டதும் அந்த வாடை இரண்டு மடங்காக எழும்பும். சமையல் எண்ணெய் வாடையும் அப்படித்தான். துவைத்து நிழலில் இரண்டு நாள் காற்றாட விட்டாலே போதும்.

துணியில் குறை இல்லாதபோதும் நிராகரிப்பு வரும். கடையில் ஏற்கெனவே எம் அளவில் ஐந்து கறுப்புக் காற்சட்டைகள் தொங்கினால் ஆறாவது வேண்டாம் என்பார்கள். அதையே அடுத்த மாதம் கொண்டுபோனால் எடுக்கலாம். பெரிய அளவுகளைத் தேடி வருவோர் அதிகம், கொண்டுவந்து தருவோர் குறைவு. ஆகவே எக்ஸ்எல்லுக்கு மேற்பட்டவற்றை ஒதுக்காமல் கொண்டுபோங்கள். துணியின் வயதும் முக்கியம். இரண்டு மூன்று ஆண்டுக்குள் வாங்கியது விற்கும். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பழையதும், நன்றாக இருந்தால், அதைத் தேடும் இளைஞர்களிடம் விற்கும். இடைப்பட்ட எட்டுப் பத்து ஆண்டுத் துணிதான் யாருக்கும் ஆகாமல் நிற்கும். உங்கள் பையில் அந்த வயதுத் துணிதான் அதிகம் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

கேள்வி: அம்மா விட்டுச்சென்ற எட்டுப் பட்டுச் சேலைகள் இருக்கின்றன. எல்லாம் 80களிலும் 90களிலும் காஞ்சிபுரத்தில் வாங்கியவை. விற்க மனமில்லை, ஆனால் அலமாரியிலேயே வீணாவதைப் பார்க்கவும் முடியவில்லை. கடையில் இவற்றை எப்படிச் சோதிப்பார்கள்? முதலில் எல்லாவற்றையும் டிரை கிளீனிங் கொடுத்துவிடவா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

டிரை கிளீனிங் வேண்டாம், முதலில் காட்டுங்கள். எட்டில் நான்கைத்தான் கடை எடுக்கப்போகிறது என்றால் மீதி நான்குக்குச் செய்த செலவு வீண். கடை சுத்தம் செய்யச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பட்டைச் சரியாகத் தெரிந்த கடையில் சேலையை மடிப்போடு பார்த்துவிட்டு விலை சொல்ல மாட்டார்கள். மேசைமேல் முழுவதும் விரிப்பார்கள். சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துண்டோடு ஆறேகால் மீட்டர் அளவில் வரும். ரவிக்கைத் துண்டு வெட்டப்படாமல் இருந்தால் நல்ல விலை கிடைக்கும்.

முதல் சோதனை மடிப்புக் கோடு. முப்பது ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். அந்த இடத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்தால் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அகட்டினால் 'சர்' என்று நூல் விடும் ஓசை கேட்கும். அப்படிக் கேட்டால் அந்தச் சேலையை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. இழை கோத்துத் தைத்தாலும் பயனில்லை. பக்கத்தில் உள்ள நூலுக்கும் அதே வயதுதான். தையல் இழுத்ததும் அங்கே கிழியும். வாங்கிப்போகும் பெண் கல்யாண மண்டபத்தில் உட்காரும்போது கிழிந்தால் கடையின் பெயர் போய்விடும்.

அடுத்தது கரையும் உடலும் சேரும் இடம். கோர்வை நெசவில் இரண்டு நிற நூல்கள் அங்கே ஒன்றையொன்று கோத்து நிற்கும். தோளில் ஊசி குத்திக் குத்தி முந்தானைப் பக்கம் அந்த இணைப்பு விட்டிருக்கலாம். பின்பு ஃபால்ஸ், அதாவது கீழ்க்கரையின் உள்பக்கம் தைக்கும் துணிப்பட்டை. பழைய ஃபால்ஸ் துணி துவைத்ததில் சுருங்கிக் கீழ்க்கரையை இழுத்துச் சுருக்கியிருக்கும். ஓர் அடி அளவுக்குத் தையலைப் பிரித்து உள்ளே பார்ப்பார்கள். உள்ளே கரை அடிபடாமல் இருந்தால் ஃபால்ஸை முழுவதும் பிரித்து எடுத்துவிட்டே விற்பனைக்கு வைக்கலாம். வாங்குபவர் புதிதாகத் தைத்துக்கொள்வார்.

சரிகையில்தான் விலை பெரிதும் வேறுபடுகிறது. அசல் சரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள். முந்தானை ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். செம்புக் கம்பிச் சரிகை என்றால் தேய்த்த இடம் செம்பு நிறம் காட்டும், ஈரம் பட்ட இடத்தில் கறுத்திருக்கும். பிளாஸ்டிக் படலச் சரிகை நாடா மாதிரி உரிந்துவரும். உடல் பட்டா என்ற சந்தேகத்துக்கு ஒரே ஒரு நூலைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பட்டு மயிர் கருகும் வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக நிற்கும். இந்தச் சோதனைக்கு உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், நூலையும் உள் ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்த முத்திரையை இந்தியாவில் 2004இல்தான் கொண்டுவந்தார்கள். உங்கள் அம்மாவின் சேலைகளில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

கறைகளில் மஞ்சளும் குங்குமமும் மன்னிக்கப்படும், இடம் கொசுவத்துக்குள் மறையுமானால். முந்தானை நடுவில் எண்ணெய்க் கறை என்றால் விலை பாதியாகும். நம் ஊர் ஈரப்பதத்தில் அதிகம் பார்ப்பது பூஞ்சணப் புள்ளிகள்: வெளிறிய துணியில் பழுப்பாக, அடர் நிறத்தில் சாம்பல் தூசியாக. மேலோட்டமாக இருந்தால் நிழலில் உலர்த்தி மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கலாம். நூலுக்குள் இறங்கியது போகாது. அதோடு, பூஞ்சணம் பிடித்த ஒரு சேலையை உள்ளே விட்டால் மற்றதற்கும் பரவும் என்பதால் கடைகள் இதில் கண்டிப்பாக இருக்கும்.

மீதமுள்ள சேலைகளைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை சரிகையைத் தொடக் கூடாது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, அதே தரத்துச் சேலை இன்று மஸ்ஜித் இந்தியா சாலைக் கடைகளில் என்ன விலை என்று பார்த்து, அதில் கால் பங்கிலிருந்து பாதி வரை வைப்பது வழக்கம். அம்மா கொடுத்த விலையை யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: எட்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். மனதுக்கு மிகவும் வேண்டிய இரண்டை வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டாகக் கொடுங்கள். கடைக்கும் அதுதான் வசதி.

கேள்வி: தைத்த ரவிக்கைகளை எடுப்பார்களா? ஆரி வேலை செய்தவை, ஒன்றுக்கு 300 வெள்ளி கூலி கொடுத்தேன்.
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். ரவிக்கை ஒருவர் உடம்புக்கென்றே வெட்டியது. ஆனால் உள்ளே பக்கத் தையலில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் துணி விட்டிருந்தால் நிலைமை மாறும். 34இல் தைத்ததை 38 வரை பிரிக்கலாம் என்று சீட்டில் எழுதி வைப்பார்கள். சேலையோடு சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது. ஒட்டிய கற்களை விரலால் தேய்த்துப் பாருங்கள். பசை காய்ந்து உதிர்ந்தால் கொண்டுபோகவே வேண்டாம். தைத்துக் கோத்த கல் நிற்கும்.

கேள்வி: பண்டல் கடையும் கன்சைன்மென்ட் கடையும் ஒன்றுதானே? பண்டல் கடையில் 5 வெள்ளிக்குக் கிடைப்பதை இவர்கள் ஏன் 50 வெள்ளி சொல்கிறார்கள்?
– வாசகர், கெப்போங்

அடிப்படையே வேறு, ஐயா. பண்டல் கடைக்காரர் ஜப்பான், கொரியா போன்ற நாடுகளிலிருந்து வரும் மூட்டைகளை எடைக்கு வாங்குகிறார். ஒரு மூட்டை 45 கிலோவாகவோ 100 கிலோவாகவோ இருக்கும். பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நல்லதைத் தனியே எடுத்து விலை வைப்பார், நடுத்தரத்தை 5, 10 வெள்ளிக் குவியலில் போடுவார், மீதி கந்தல். பணத்தை முன்கூட்டியே போட்டவர் அவர், நட்டமும் அவருடையது.

கன்சைன்மென்ட் கடையில் முன்பணம் கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொன்றையும் ஒருவர் கையால் பார்த்து, குறை இருந்தால் சீட்டில் எழுதி, உரிமையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தேடிக் கண்டெடுக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ பண்டல் கடையிலோ அதே தரத்தில் ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அந்தத் தேடலைக் கடை உங்களுக்காகச் செய்கிறது, அதற்குத்தான் அந்த விலை.

ஆண்களுக்கு ஒரு குறிப்பு. பண்டல் குவியலில் பழைய டீ-சட்டை கண்ணில் பட்டால் கை ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பாருங்கள். ஒரே வரிசைத் தையல் என்றால் 90களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். லீவைஸ் காற்சட்டையின் பின்பைச் சிவப்புப் பட்டியில் ஆங்கில 'E' பெரிய எழுத்தாக (LEVI'S என்று) இருந்தால் அது 1971க்கு முந்திய வழக்கம்; ஆனால் அந்த நிறுவனமே பழைய மாதிரிகளை மறுபடி வெளியிடும்போது பெரிய எழுத்தைப் போடுகிறது, ஆகவே உள்ளே இருக்கும் துவைக்கும் குறிப்புச் சீட்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த மாதிரி உருப்படிகளைக் கன்சைன்மென்ட் கடைகள் ஆவலோடு எடுத்துக்கொள்ளும். வேட்டி ஓடாது, ஜிப்பா தீபாவளிக்கு முன் மட்டும் ஓடும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் தோழி லூயி வித்தோன் கைப்பை ஒன்று தந்தாள். ரசீது இல்லை. கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். என்னைப் பொய்க்காரியாக நினைத்துவிட்டார்களோ?
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

அப்படி நினைக்காதீர்கள், அம்மா. போலியை விற்றால் கடைதான் மாட்டிக்கொள்ளும். 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டமும் அதற்கு இருக்கின்றன. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் கடைக்குள் வந்து பொருளைப் பறிமுதல் செய்யலாம். தெரியாமல் விற்றேன் என்று சொல்லித் தப்புவது கடினம்.

ரசீது இல்லாவிட்டாலும் சோதிக்க வழி உண்டு. தையல் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் ஓடுகிறதா, அச்சு எழுத்தின் வடிவம் சரியா, உலோகப் பாகங்கள் கனமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்த நிறுவனம் 80களிலிருந்து பைக்குள் தேதிக் குறி அச்சிட்டு வந்து, 2021இல் அதை நிறுத்தி உள்ளே சில்லு வைக்கத் தொடங்கியது. 2023இல் வாங்கியது என்று சொல்லும் பையில் தேதிக் குறி இருந்தால் சந்தேகம் வரும்தானே. குறி மட்டும் சான்றாகாது, போலி செய்பவர்களும் அதை அச்சிடுகிறார்கள். இவ்வளவும் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாத கடை மறுத்துவிடுவதே நேர்மை. கைப்பைகளுக்கென்றே உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள், சோதனைக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

சாதாரண விலைப் பைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதிகம் நிராகரிக்கப்படுவது அவைதான். தோல் மாதிரித் தெரியும் பாலியூரிதேன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தால் சிதையும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்தாலும் சில ஆண்டில் உள்புறம் பிசுபிசுக்கும், வெளியே செதில் செதிலாக உரியும். கடைக்காரர் உள்ளறையில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பது இதற்காகத்தான். விரல் ஒட்டினால் முடிந்தது. காலணிகளின் அடிப்பாகம் திடீரென்று பொடியாவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: எந்த மாதத்தில் எதைக் கொடுத்தால் சீக்கிரம் விற்கும்?
– வாசகி, செத்தாப்பாக்

பண்டிகைக்கு எட்டுப் பத்து வாரம் முன்பே கடைக்குள் இருக்க வேண்டும். தீபாவளிக்கு என்றால் ஆகஸ்டு, செப்டம்பர். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லெஹங்கா கொண்டுவந்தால் விலைச்சீட்டு கட்டுவதற்குள் கூட்டம் ஓய்ந்துவிடும். ஆடி மாதம் கல்யாணம் இல்லாததால் கடையில் ஆள் குறைவு, பட்டை நிதானமாகப் பார்க்க அதுவே நல்ல சமயம். மலாய் உடையான பாஜு குரோங்கை நோன்புப் பெருநாளுக்கு முன் கொடுங்கள். அது ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்நாட்டு மேலங்கிகள் இந்த வெயிலில் விற்குமா என்று பலர் தயங்குகிறார்கள். அக்டோபரில் கொடுத்தால், ஆண்டிறுதிப் பயணம் போகிறவர்கள் வந்து வாங்குவார்கள்.

கேள்வி: 180 வெள்ளி விலை போட்ட சேலைக்கு எனக்குக் கிடைத்தது 72 வெள்ளி. ஏமாற்றமாக இருக்கிறது. முன்கூட்டியே என்ன கேட்டிருக்க வேண்டும்?
– வாசகி, செராஸ்

கணக்கைத் திருப்பிப் பார்த்தால், முதல் 30 நாள் முழு விலை, அடுத்து 20 விழுக்காடு கழிவு. 180 வெள்ளி 144 ஆனது, அதில் பாதி 72. பல கடைகளின் வழக்கம் இதுதான், 60 நாளைக்குப் பின் கழிவு 50 விழுக்காடு வரை போகும். கழிவு அட்டவணை கையொப்பமிட்ட தாளில் இருந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை: பங்கு எத்தனைக்கு எத்தனை, கழிவு எந்த நாளில் எவ்வளவு, இதற்குக் கீழே விற்காதே என்று நீங்கள் ஒரு விலை சொல்ல முடியுமா, பணம் எந்தத் தேதியில் வரும். திருட்டுப் போனாலோ கடையில் கறை பட்டாலோ யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் விற்காத பொருள். 90 நாள் முடிந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் கடைக்கே சொந்தம், அல்லது தானமாகப் போகும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அம்மாவின் சேலையைக் கொடுத்தவர்கள் அந்தத் தேதியைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போதே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் பிடியுங்கள்.

கேள்வி: வீட்டுக்குக் கீழே ஒரு சிறு கடை வாடகைக்கு வருகிறது. இந்தத் தொழிலைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு சரக்கு வேண்டும்?
– வாசகி, ஜிஞ்சாங்

ஒரு மீட்டர் கம்பியில் 25 முதல் 30 உடைகள் நெருக்காமல் தொங்கும். சிறு கடைக்குப் பன்னிரண்டு மீட்டர் கம்பி என்றால் 300 உடை. அதற்குக் குறைந்தால் கடை காலியாகத் தெரியும். திறக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதம் சேகரியுங்கள். உறவினர் தருவதையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். முதல் மாதத்தில் மாட்டியதைப் பார்த்துத்தான் மக்கள் உங்கள் கடை எப்படிப்பட்டது என்று முடிவு செய்வார்கள், அடுத்து கொண்டுவருபவர்களும் அதே தரத்தைத்தான் கொண்டுவருவார்கள்.

தொழிலைத் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். கடைப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி. மாநகர மன்றத்திடம் கடைக்கும் பெயர்ப்பலகைக்கும் உரிமம் வேண்டும். பலகையில் மலாய் எழுத்து முதன்மையாக இருக்க வேண்டும் என்பதால் அச்சடிக்கும் முன் ஒப்புதல் வாங்குங்கள்.

துணி வாங்குவதை வாரத்தில் இரண்டு நாளுக்கு, முன்பதிவோடு, ஒருவருக்கு 15 உருப்படி என்று வரையறுத்துவிடுங்கள். நாள் முழுவதும் வாங்கினால் கல்லாவில் நிற்க ஆள் இருக்காது. வேண்டாம் என்று சொல்லும்போது ஒரு காரணமும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இந்த அளவில் இப்போது நிறைய இருக்கிறது", "அக்குளில் கறை". காரணம் தெரிந்தவர் அடுத்த முறை சரியானதைக் கொண்டுவருவார். ஈரப்பதம் இழுக்கும் கருவி ஒன்றுக்குத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்குங்கள். விலைச்சீட்டுக்கு மாதம் ஒரு நிறம் வைத்துக்கொண்டால் எது 30 நாள் தாண்டியது, எது 60 என்று ஏட்டைப் புரட்டாமலே தெரியும். ஒவ்வொரு சீட்டிலும் உரிமையாளர் எண், உருப்படி எண், வந்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். சீட்டு அறுந்துவிழுந்தால் யாருடையது என்றே தெரியாமல் போகும், அதனால் உரிமையாளர் எண்ணை ஒரு துணுக்கு நாடாவில் எழுதி உள் தையலிலும் ஊசி போட்டு வையுங்கள். பட்டில் மட்டும் ஊசி வேண்டாம், ரவிக்கைத் துண்டின் ஓரத்தில் இரண்டு தளர்ந்த தையலாகப் போடுங்கள்.